கிளிப் உடைந்தபோது கையில் ஒட்டிய பொடி

போன வருடம் சித்திரை மாதம். மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனேன். கொடியில் இருந்த நீலக் கிளிப்பை அழுத்தியதும் அது சத்தமே இல்லாமல் இரண்டாக உடைந்தது. அடுத்ததும் அப்படியே. விரல் நுனியில் சுண்ணாம்பு மாதிரி வெளிறிய பொடி ஒட்டியிருந்தது. ஊதினேன், பறந்துபோனது. குனிந்து பார்த்தால் கொடிக்கு நேர் கீழே தரையிலும் அதே பொடி, நீலத் துணுக்குகளோடு ஒரு கோடு போட்டது போலக் கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் டஜன் கணக்கில் வாங்கிய கிளிப்புகள். பக்கத்தில் வெயிலிலேயே கிடந்த பக்கெட்டின் விளிம்பைத் தேய்த்துப் பார்த்தேன். அதுவும் மாவு மாதிரி கையோடு வந்தது.

மைக்ரோபிளாஸ்டிக் என்ற சொல்லை அதற்கு முன்பும் பல தடவை படித்திருக்கிறேன். கடல், மீன், ஆமை என்று எங்கேயோ நடக்கிற விஷயமாகத்தான் மனதில் இருந்தது. அன்றைக்கு அந்தப் பொடி ஒட்டிய கையோடுதான் துணிகளை மடித்து எடுத்து வந்தேன். அதில் பையனின் தலையணை உறையும் இருந்தது. அதை மறுபடி உதறும்போதுதான் எனக்கு உறைத்தது.

ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் துணுக்குகள் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் தாம்சனும் அவருடைய குழுவினரும் 2004-இல் கடற்கரை மணலில் இவற்றைத் தேடிக் கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் இந்தப் பெயர் உலகம் முழுக்கப் பரவியது. கண்ணுக்குத் தெரிகிற பொடி அதில் பெரிய வகை. ஒரு மைக்ரானுக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், கீழே போனால் நானோபிளாஸ்டிக். அதை நம் கண்ணால் பார்க்கவே முடியாது.

அன்று ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க பயம்தான் அதிகமானது. மறுநாளே நான் செய்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இதே தப்பைத்தான் செய்வார்கள். சமையலறை அலமாரியில் இருந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் அத்தனையையும் மூட்டை கட்டிப் பழைய சாமான் கடையில் போட்டேன். கிட்டத்தட்ட நாலாயிரம் ரூபாய்க்குக் கண்ணாடி ஜாடிகள் வாங்கினேன். பையனுக்கு ‘மூங்கில் தட்டு’ என்று போட்டிருந்த அழகான தட்டும் கிண்ணமும் வாங்கினேன். பிறகுதான் தெரிந்தது, அந்த மாதிரித் தட்டுகள் பலவும் மூங்கில் பொடியை மெலமைன் என்ற பிளாஸ்டிக்கில் குழைத்து வார்த்தவை என்று. சூடான ரசம் சாதத்தை அதில்தான் ஒரு வாரம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அத்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னார்: “துவரம்பருப்பு டப்பாக்குள்ள சும்மாத்தானேம்மா கெடக்கு, அது என்ன பண்ணும்? கொதிக்கக் கொதிக்க சாம்பாரைக் கவர்ல வாங்கிட்டு வர்றீங்களே, அதை முதல்ல நிறுத்துங்க.”

நான் ராத்திரி முழுக்கப் படித்ததை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பிளாஸ்டிக் ஓரிடத்தில் சும்மா இருக்கும்போது மெதுவாகத்தான் உதிர்கிறது. வெயில் படும்போது, சூடு படும்போது, எதனோடாவது உரசும்போது வேகமாக உதிர்கிறது. அப்புறம் நான் வீட்டை அறை அறையாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, இந்த மூன்றும் எங்கெங்கே நடக்கிறது என்று மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். வேலை பாதியாகக் குறைந்தது. செலவும் குறைந்தது.

வெயிலில் இருந்தவை எளிது. கிளிப்புக்குப் பதில் ஸ்டீல் கிளிப். பிளாஸ்டிக் கொடிக்குப் பதில் பருத்திக் கயிறு கட்டினோம். அது மழையில் நனைந்து தொய்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பரவாயில்லை. வடகம் காயப்போட வைத்திருந்த பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்துவிட்டு அத்தை பழையபடி வேட்டியை விரித்தார். இன்னொரு இடம் எனக்குத் தோன்றவே இல்லை. பரணில் கல்யாண வீடுகளில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பைகள் ஒரு அடுக்கு இருந்தன. தொட்டால் துணி போலவே இருக்கும், ஆனால் அது நெய்த துணி இல்லை, பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை இழையாக்கி அழுத்திய ஷீட். ஒரு பையை இழுத்தேன், சிவப்புச் செதில்களாகக் கொட்டியது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருட்களில் இந்த வகைப் பையும் ஒன்று. துணிப்பை என்று நினைத்துத்தான் பத்திரப்படுத்தி வைத்திருந்தோம். ஈரத்துணி போட்டுச் செதில்களை ஒற்றி எடுத்து மூட்டையாகக் கட்டி வெளியே அனுப்பினேன். துடைப்பத்தால் பெருக்கியிருந்தால் வீடு முழுக்கப் பறந்திருக்கும்.

சூடு விஷயம்தான் பெரியது. எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் ராத்திரி கடையில் இட்லியோ பரோட்டாவோ வாங்குவோம். சாம்பார், சால்னா எல்லாம் கவரில் கட்டித் தருவார்கள். ரப்பர் பேண்டைக் கழற்றும்போது கவர் சூட்டில் இளகி விரலில் ஒட்டும், பார்த்திருப்பீர்கள். இப்போது அடுக்குச் சட்டியும் ஒரு தூக்குவாளியும் ஸ்கூட்டர் பெட்டியிலேயே இருக்கின்றன. முதல் தடவை கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். அளவு தெரியாது என்றார். நீங்கள் வழக்கமாகக் கட்டுகிற அளவே ஊற்றுங்கள் என்றேன். இப்போது என்னைப் பார்த்ததும் கையை நீட்டிப் பாத்திரத்தை வாங்கிக்கொள்கிறார், கவரில் கட்டுவதைவிடக் கூடவே ஊற்றுகிறார்.

டீக்கும் இதேதான். பேப்பர் கப் என்றால் பேப்பர்தானே என்று இருந்தேன். உள்பக்கம் நகத்தால் கீறினால் மெல்லிய படலம் உரிந்து வரும், அது பிளாஸ்டிக். காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கப்பில் 100 மில்லி சூடான திரவத்தை 15 நிமிடம் வைத்தால் சுமார் 25,000 நுண்துகள்கள் அதில் இறங்குகின்றன என்று அளந்து சொன்னார்கள். ஆபீஸில் ஒரு நாளைக்கு மூன்று டீ குடிக்கிறவள் நான். மேசையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான். டீ பையும் அப்படித்தான். பட்டு மாதிரி பளபளக்கிற முக்கோணப் பைகள் நைலானாலோ, தண்ணீர் பாட்டில் செய்கிற பெட் (PET) பிளாஸ்டிக்காலோ ஆனவை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2019-இல் அதை 95 டிகிரி தண்ணீரில் போட்டுப் பார்த்தபோது ஒரே பையிலிருந்து 1,160 கோடி மைக்ரோ துகள்களும் 310 கோடி நானோ துகள்களும் வந்தன. நமக்குத் தூள் போட்டு வடிகட்டுகிற பழக்கம் ஏற்கனவே இருக்கிறது. வடிகட்டியின் வலை மட்டும் நைலானாக இருந்தது, ஸ்டீல் வாங்கினேன்.

தண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் நாள் தடுமாறினேன். தாம்பரம் பக்கம் வாடகை வீடு. போர் தண்ணீர் உப்பு, குடிக்க முடியாது. கேன் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். கேன்களை ஏற்றிய வண்டி உச்சி வெயிலில் தெருமுனையில் நிற்கும். கேன்களின் வெளிப்புறம் கீறிக் கீறி மங்கிப்போய் இருக்கும். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2024 ஜனவரியில் பாட்டில் தண்ணீரைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அங்கே கடையில் விற்கிற மூன்று பிராண்டுகளில் ஒரு லிட்டருக்குச் சராசரியாக 2 லட்சத்து 40 ஆயிரம் பிளாஸ்டிக் துகள்கள், அதில் பத்தில் ஒன்பது பங்கு நானோ அளவு. அது பாட்டில், இது கேன், இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வண்டி வெயிலில் நிற்பதைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை. வீட்டில் ஆர்ஓ என்கிற தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டி வைத்தோம். அதில் பிடித்த தண்ணீரை உடனே எவர்சில்வர் குடத்திலும் மண்பானையிலும் ஊற்றி வைக்கிறோம். பெட்டிக்குள் இருக்கிற பிளாஸ்டிக் தொட்டியில் நாள் கணக்கில் தேங்க விடுவதில்லை.

காய்ச்சிக் குடித்தால் பிளாஸ்டிக் போய்விடும் என்று ஒரு செய்தி எல்லாருடைய போனுக்கும் வந்திருக்கும். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான் பரவுகிறது. சீனாவின் குவாங்சோ நகரில் 2024-இல் நடந்த ஆய்வு அது. கடின நீரைக் கொதிக்க வைத்தால் அதில் உள்ள சுண்ணாம்பு படிவாகப் பிரியும், நம் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்குமே அதுதான். அப்படிப் பிரியும்போது துகள்களையும் சேர்த்துப் பொதிந்துகொள்கிறது. ஆறவைத்துத் தெளியவிட்டு வடிகட்டினால் 90 சதவீதம் வரை குறைந்தது. சுண்ணாம்பு குறைவான மென்னீரில் இதே வேலை சுமார் 25 சதவீதம்தான் பலன் தந்தது. அப்படியென்றால் சுண்ணாம்பை ஏற்கனவே நீக்கிவிட்ட ஆர்ஓ தண்ணீரைக் காய்ச்சி இதை எதிர்பார்க்க முடியாது. கிருமிக்காகக் காய்ச்சலாம், அது வேறு. ஊரில் அம்மா வீட்டில் குழாய்த் தண்ணீர் கடினம்தான், ஆனால் குடிக்க நன்றாக இருக்கும். காய்ச்சி ஆறவைத்து, அடியில் ஒரு விரல் அளவு தண்ணீரை விட்டுவிட்டு, மேலாக வெள்ளைத் துணியில் வடிகட்டச் சொல்லியிருக்கிறேன். அம்மா ஏற்கனவே அப்படித்தான் செய்துகொண்டிருந்தார், அடியைக் கொட்டாமல் இருந்தது மட்டும்தான் மாற்றம் வேண்டிய இடம்.

உரசல். காய் வெட்டுகிற வெள்ளைப் பலகையை ஒருநாள் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நடுவில் நூற்றுக்கணக்கான கீறல்கள், பீட்ரூட் சாயமும் மஞ்சளும் ஏறியிருக்கும். கீறலின் ஓரங்களில் பஞ்சு மாதிரி மெல்லிய இழைகள் தூக்கிக்கொண்டு நிற்கும். விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். அந்த இழைகளில் நேற்று இருந்தவை இன்று இல்லை என்றால், அவை கூட்டுக்குள் போய்விட்டன என்றுதான் அர்த்தம். எங்கள் பலகையைப் பார்த்த அன்றே எடுத்துவிட்டேன். அத்தை அரிவாள்மனைக்குத் திரும்பினார். எனக்குக் கீழே உட்கார்ந்து அரிய வராது, வேப்பமரப் பலகை ஒன்று வாங்கிக்கொண்டேன். கழுவியதும் நிமிர்த்தி வைத்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்கிரப்பரும் அதே கதைதான். புதிதாக வாங்கும்போது இருந்த தடிமன் ஒரு மாதத்தில் பாதியாகிவிடுகிறதே, மீதிப் பாதி எங்கே போனது? தட்டிலும் சாக்கடையிலும்தான். இப்போது தேங்காய் நார், கறை பிடித்ததற்குக் கம்பி நார், கண்ணாடிக்குப் பீர்க்கங்கூடு. முற்றிய பீர்க்கங்காயைக் கொடியிலேயே காயவிட்டு உரித்தால் கூடு கிடைக்கும், ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிட்டால் நாலைந்து கொண்டுவருவார்கள். கீறல் விழுந்த நான்ஸ்டிக் தோசைக்கல்லையும் எடுத்துவிட்டோம். இரும்புக் கல்லைப் பழக்க ஒரு வாரம் ஆனது. நடுவில் இரண்டு நாள் தோசை பிய்ந்து பிய்ந்துதான் வந்தது. வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து இப்போது கல் கருகருவென்று மின்னுகிறது.

துணி துவைக்கிற மெஷினில் எல்லோரும் செய்கிற ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். டாப் லோடு மெஷினுக்குள் ஒரு வலைப்பை இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் பஞ்சு சேரும். அதை என்ன செய்கிறோம்? குழாயைத் திறந்து தண்ணீரில் அலசிவிடுகிறோம். பிடித்து வைத்த இழை அத்தனையும் அப்படியே சாக்கடைக்குப் போகிறது. பையைக் கழற்றிக் காயவிட்டு, பஞ்சைக் கையால் உரித்துக் குப்பையில் போடுங்கள், போதும். பிளிமத் பல்கலைக்கழகத்தினர் 2016-இல் கணக்கிட்டபோது ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேல் இழைகள் வெளியேறலாம் என்று வந்தது. பாலியஸ்டர் துணிகளைச் சுடுதண்ணீர் மோடில் போடுவதை நிறுத்தினேன். மெஷின் நிறையும் வரை சேர்த்துவைத்து, குறைந்த நேர மோடில் போடுகிறேன். பையனின் பள்ளிச் சீருடை பாலியஸ்டர் கலந்ததுதான், அதை நாம் மாற்ற முடியாது. வீட்டில் போடுகிற டவுசர், பனியன், போர்வை எல்லாம் பருத்தியாக்கினோம், அதுவும் பழையது கிழிந்த பிறகு ஒவ்வொன்றாகத்தான்.

தூசிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. காலை வெயில் ஜன்னல் வழியாக விழும்போது காற்றில் மிதப்பது முழுவதும் மண் இல்லை. திரைச்சீலை, சோபா உறை, பிளாஸ்டிக் பாய் எல்லாவற்றிலிருந்தும் உதிர்ந்த இழைகளும் அதில் இருக்கின்றன. குழந்தைகள் தரையிலேயே கிடக்கிறார்கள், கையை வாயில் வைக்கிறார்கள். முன்பெல்லாம் தினம் பெருக்குவேன், வாரம் இரண்டு நாள் துடைப்பேன். இப்போது நடுக்கூடத்தையும் படுக்கையறையையும் தினம் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன். மாப்பில் இருந்தது மைக்ரோஃபைபர், அதுவே பிளாஸ்டிக் இழைதான். கிழிந்த வேட்டியைக் கட்டிக்கொண்டேன். ஃபேன் இறக்கையையும் ஈரத்துணியால் துடையுங்கள், உலர்ந்த துணி தூசியை இடம் மாற்றும், அவ்வளவுதான். பிளாஸ்டிக் பாயை எடுத்துவிட்டுக் கோரைப்பாய் போட்டோம். பையனுக்கு முதலில் முதுகில் குத்தியது, மேலே ஒரு ஜமுக்காளம் விரித்ததும் சரியாகிவிட்டது.

நடுவில் என் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. தாய்ப்பால் போதாமல் டாக்டர் பவுடர் பால் கொடுக்கச் சொன்னார். பிளாஸ்டிக் பாட்டிலைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்து, அந்தச் சூட்டோடு சுடுதண்ணீரையும் பவுடரையும் போட்டுக் குலுக்குவாள். அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரி 2020-இல் செய்த ஆய்வில் பாலிப்ரொப்பிலீன் பாட்டில்களிலிருந்து ஒரு லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் துகள்கள் வரை வந்திருந்தன. அவளிடம் இந்த எண்ணை நான் சொல்லவில்லை. பிள்ளை பெற்று நாற்பது நாளான பெண்ணிடம் சொல்கிற விஷயமா அது? “பாலை எவர்சில்வர் சொம்புல கலந்து, நல்லா ஆறின பிறகு பாட்டில்ல ஊத்துடி. கொதிக்கவெச்ச பாட்டிலை, காய்ச்சி ஆறின தண்ணியில மூணு தடவை அலசிடு” என்று மட்டும் சொன்னேன். அந்த ஆய்வாளர்கள் சொன்ன வழியும் அதுதான். பாட்டிலைக் கொதிக்கவைப்பதை நிறுத்தவே கூடாது, கிருமி உடனடி ஆபத்து. பிறகு அம்மா பாலாடையை எடுத்துக்கொண்டு வந்தார். பகலில் அதில்தான் புகட்டினார்கள்.

இது உடம்பை என்ன செய்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் ஒன்றைத்தான் சொல்வேன். 2022-இல் நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் இருந்தது. 2024-இல் இத்தாலியில், கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பை எடுத்த 257 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அந்த அடைப்பில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு, இல்லாதவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம், மரணம் நேரும் அபாயம் நாலரை மடங்கு இருந்தது. பிளாஸ்டிக்தான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை, அதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இவ்வளவு தெரிந்ததே போதும். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கும்போது நிரூபணம் வரும்வரை கவரில் சாம்பார் வாங்கிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

மாற்ற முடியாதவையும் இருக்கின்றன. உப்பில் இருக்கிறது, சர்க்கரையில் இருக்கிறது, அவற்றை என்ன செய்வது? பால் பாக்கெட்டில்தான் வருகிறது. வெட்டும்போது முனையைத் துண்டாக்கிவிடாமல் ஒட்டியபடி விடுகிறேன், அந்தச் சின்ன முக்கோணம்தான் சிங்க் வழியாகக் காணாமல் போகும். மொட்டை மாடியில் கருப்புத் தண்ணீர்த் தொட்டி வீட்டு ஓனருடையது. அதற்கு மேலே தென்னங்கீற்று போட்டு மூட அனுமதி கேட்டேன், சரி என்று சொல்லிவிட்டார். போன மாதம் போட்டோம்.

கடைசியாக இட்லித் துணி. பருத்தி என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள், மூன்று வருடமாக அதில்தான் ஊற்றுகிறோம். துணி வெளுக்கவும் இல்லை, நைந்துபோகவும் இல்லை என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். இது சுருங்கி, உருகி, நுனியில் கருப்பாக ஒரு மணி போல உருண்டுகொண்டது. ஆறியதும் நகத்தால் அழுத்தினேன், கல் மாதிரி இருந்தது. அத்தையிடம் காட்டினேன். கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “இதுலயா ஊத்திக் கொடுத்தேன் பிள்ளைக்கு” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காதி கடையில் காடாத் துணி இரண்டு மீட்டர் வாங்கினோம். வாங்குவதற்கு முன் ஒரு நூலைக் கேட்டு வாங்கி, வெளியே வந்து தீக்குச்சியில் கொளுத்திப் பார்த்தோம். சாம்பலாக உதிர்ந்தது. கஞ்சி போக இரண்டு தடவை கொதிநீரில் அலசி, இட்லித் தட்டை மேலே வைத்து வட்டம் வரைந்து வெட்டினோம். ஓரம் அடிக்கத் தையல் மெஷினைத் திறந்தேன். அத்தை என் கையைப் பிடித்தார். பாபினில் இருந்த வெள்ளை நூலை இழுத்து அறுத்து அடுப்பில் காட்டினார். அதுவும் மணியாக உருண்டது.

வெட்டியதில் மிஞ்சிய காடாத் துணியின் விளிம்பிலிருந்து நீளமாக நாலு நூலை உருவிக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். மத்தியானம் முழுக்க ஆறு துணிக்கும் கையாலேயே ஓரம் தைத்து முடித்தார்.